ஏழே நாளில் முடிந்த ஆண்டு

ஜப்பானிய அரசு ஆவணங்களில் ஆண்டின் எண் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. பேரரசரின் ஆட்சிக்காலத்துக்கு இடப்பட்ட பெயர் அதன் முன் வந்தால்தான் அது எந்த ஆண்டு என்பது விளங்கும். கெங்கோ எனப்படும் அப்பெயர் மெய்ஜி காலம் முதல் பேரரசர் ஒருவருக்கு ஒன்று என நிலைபெற்றது. அம்முறையில் 2024ஆம் ஆண்டு ரெய்வா 6 ஆகும்.

மாதமும் நாளும் 1873 முதல் கிரெகோரி நாட்காட்டியின்படியே அமைவதால், ஆண்டிலிருந்து 2018ஐக் கழித்தால் கணக்கு முடிந்துவிடும் என்று தோன்றலாம். ஆயின் ஆட்சி மாற்றம் ஜனவரி முதல் நாள் வரை காத்திருப்பதில்லை. ஷோவா பேரரசர் 1989 ஜனவரி 7 அன்று மறைய, மறுநாளே ஹெய்செய் காலம் தொடங்கியதால், ஷோவா 64 ஏழே நாளில் முடிந்துபோனது. அந்த 7ஆம் தேதி பிறந்த குழந்தைக்குப் பிறந்த ஆண்டு ஷோவா 64, ஒரு நாள் இளைய குழந்தைக்கோ ஹெய்செய் 1.

ஆகவே, பலரும் எடுத்தாளும்படி முன்பே எழுதிவைக்கப்பட்ட நிரல்களின் தொகுதியாகிய நிரல் நூலகம், இங்கே சூத்திரத்தை நம்பாமல், எந்தக் காலம் எந்த நாளில் தொடங்கியது என்னும் பட்டியலை நம்பியே தேதியை எழுதுகிறது. முதல் ஆண்டை 1 என்று எழுதாமல் 'கன்னென்' என்று எழுதும் மரபும் இருப்பதால், இரண்டையும் அது அறிந்திருக்க வேண்டும். ஜாவா நிரல்மொழியின் ஜப்பானியத் தேதி வகுப்பு, சந்திர சூரிய நாட்காட்டி வழங்கிய 1873க்கு முந்தைய நாள்களை ஏற்பதே இல்லை. தவறான விடை தருவதைவிட மறுப்பது நேர்மையானது.

பட்டியலில் அடுத்த வரி என்னவென்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஹெய்செய் காலத்தின் பேரரசர் அகிஹிதோ பதவி துறக்கவிருந்த நிலையில், 2019 மார்ச்சில் வெளியான ஜாவா 12, பெயர் தெரியாத அடுத்த காலத்துக்கு 'நியூஎரா' என்று இடம் பிடித்து வைத்தது. ஏப்ரல் 1 அன்று ரெய்வா என்னும் பெயர் அறிவிக்கப்பட்டு, மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடில், காலப்பெயரின் இரண்டு எழுத்துகளையும் ஒரே கட்டத்தில் அடக்கிய குறிகள் உண்டு. ஹெய்செய், ஷோவா, தாய்ஷோ, மெய்ஜி ஆகிய நான்கும் அடுத்தடுத்து அமர்ந்திருக்க, இரு பக்கமும் வேறு குறிகள் நிரம்பியிருந்ததால் ரெய்வாவுக்குத் தொலைவில் ஓர் இடம் கிடைத்தது. அவ்வொரு குறிக்காகவே 2019 மே மாதத்தில் யூனிகோடு 12.1 பதிப்பு வெளியிடப்பட்டது.

ஆட்சி மாற்றத்துக்கு முன் எழுதப்பட்ட ஆவணத்தில் ஹெய்செய் 32 என்று காணப்பட்டால், அப்படியோர் ஆண்டே இல்லை என்று தள்ளிவிடாமல், அதை 2020 எனப் படித்து ரெய்வா 2 என்று எழுதித் தருவதே நல்ல நூலகத்தின் வேலை.