ரிப்போர்ட்டில் இல்லை, உடம்பில் இருக்கிறது

“டாக்டர், ரிப்போர்ட்ல கிருமியே இல்லைன்னு வந்துடுச்சு. அதான் மாத்திரையை விட்டுட்டேன்.” ஹெச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுத்துவந்தவர்கள் சில மாதங்கள் காணாமல் போய், காசநோயோடு திரும்பி வந்து இதைத்தான் சொல்கிறார்கள். நல்ல ரிப்போர்ட் வந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது!

எங்கே பதுங்குகிறது?

நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 செல்லுக்குள் நுழையும் ஹெச்.ஐ.வி., தன் மரபணுவை அந்தச் செல்லின் டி.என்.ஏ.விலேயே கோத்துவிடுகிறது. தொற்றிய செல்களில் பெரும்பாலானவை சீக்கிரமே மடிந்துவிடும். ஒரு சில மட்டும் நினைவுச் செல்களாக மாறி ஓய்வுக்குப் போய்விடும். ஓய்விலிருக்கும் செல் வைரஸைத் தயாரிப்பதில்லை. அதனால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படுவதில்லை. மாத்திரைகளோ வைரஸ் புதிய செல்களுக்குப் பரவுவதைத்தான் தடுக்கும். சும்மா கிடக்கும் மரபணுவை அவை தொடுவதில்லை.

இது 1997-லேயே தெரிந்துவிட்டது. ஓய்விலிருக்கும் சிடி4 செல்களில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்றுதான் இப்படிப்பட்டது. ஆனால், இவை பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகின்றன. அந்தக் கணக்கில் முழுதாகத் தீர 60 ஆண்டுகளுக்கும் மேல்!

நம்பிக் கெடும் கதைகள்

‘வைரல் லோடு இல்லையென்றால் குணமாகிவிட்டது.’ வைரல் லோடு பரிசோதனை ரத்தத்தில் மிதக்கும் வைரஸை அளப்பது. செல்லுக்குள் பதுங்கியதை அல்ல. மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும்.

‘நான் ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தவன்.’ அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு குழந்தைக்குப் பிறந்த 30 மணி நேரத்திலேயே மருந்து தொடங்கினார்கள். பின்னர் மருந்து நின்றுபோயும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைரஸ் தெரியவில்லை. 2014-ல் திரும்ப வந்துவிட்டது.

‘வெளிநாட்டில் குணப்படுத்திவிட்டார்களே?’ ஹெச்.ஐ.வி.யிலிருந்து குணமான டிமோத்தி ரே பிரவுனைச் சொல்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்காக, ஹெச்.ஐ.வி. எளிதில் நுழைய முடியாத அரிய மரபணு மாற்றம் உள்ளவரின் ஸ்டெம் செல்லை அவருக்குச் செலுத்தினார்கள். உயிரைப் பணயம் வைக்கும் அந்தச் சிகிச்சையை, மாத்திரையில் நலமாக இருப்பவருக்கு எந்த மருத்துவர் செய்வார்?

‘லேகியம் வேரோடு அழித்துவிடும்.’ மாத்திரையையும் லேகியத்தையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். ரிப்போர்ட் நன்றாக வந்ததும் பெயரை லேகியக்காரர் வாங்கிக்கொள்வார். அடுத்து அவர் நிறுத்தச் சொல்வது மாத்திரையை. பணமும் போய், உடம்பும் போய் வருகிறவரிடம் எவ்வளவுதான் கோபத்தை அடக்குவது? கடையில் நீங்களாக வாங்கும் ஆன்டாசிட் மருந்தும், இரும்புச்சத்து மாத்திரையும்கூட, கூட்டு மருந்தில் உள்ள டொலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கேட்காமல் விழுங்காதீர்கள்.

‘விட்டுவிட்டு எடுத்தால் போதும்.’ 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஸ்மார்ட் ஆய்வு 2006-ல் தெளிவாகச் சொன்னது: இடைவெளி விட்டவர்களிடையே இறப்பு அதிகம்.

பரிசோதனை

கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் சொல்லும் தேதியில் வைரல் லோடு, சிடி4 பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

இந்தியாவில் 2004 முதல் அரசு மையங்களில் மருந்து இலவசம். வெளியூர் வேலைக்குப் போகிறீர்களா, முன்கூட்டியே சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வைரல் லோடு தெரியாத அளவில் நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. அந்த ரிப்போர்ட்டின் உண்மையான பரிசு இதுதான். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் திட்டுவார்களோ என்று பயந்து வீட்டில் இருக்காதீர்கள். நாளைக் காலையே வாருங்கள். வர முடியாவிட்டால் 1097 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.