நீவாடு சொன்ன சாட்சி

மண்ணில் வண்டி போனால் தடம் இருக்கும். தண்ணீரில் போன படகுக்கு? அடுத்த அலையோடு எல்லாம் அழிந்துவிடும் என்றுதான் நினைக்கிறோம். 2011இல் மத்தியதரைக் கடலில் அலைந்த ஒரு படகின் கதை வேறு மாதிரி.

அந்த ஆண்டு மார்ச் 27 அதிகாலை, லிபியாவின் திரிப்போலியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் படகு இத்தாலியை நோக்கிக் கிளம்பியது. நீளம் பத்து மீட்டர் இருக்கலாம். ஏறியிருந்தது 72 பேர், இரண்டு கைக்குழந்தைகள் உட்பட. எத்தியோப்பியா, எரித்ரியா, நைஜீரியா, கானா, சூடான் நாட்டவர்கள். லிபியாவில் அப்போது போர். கறுப்பாக இருப்பவரெல்லாம் ஆட்சியாளர் கடாஃபியின் கூலிப்படை என்று வதந்தி கிளம்பி, தெருவில் அடி விழுந்துகொண்டிருந்தது. ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களை அவரவர் அரசுகள் கப்பலும் விமானமும் அனுப்பி ஏற்கெனவே அழைத்துக்கொண்டுவிட்டன. இவர்களை அழைக்க யார் வருவார்கள்?

நடுக்கடலில் எரிபொருள் தீரும் நிலை. சாட்டிலைட் போனில் ரோமில் இருந்த எரித்ரியப் பாதிரியார் முஸ்ஸி செராயைக் கூப்பிட்டார்கள். அவர் இத்தாலியக் கடலோரக் காவல்படைக்குச் சொன்னார். போன் நிறுவனம் மூலம் படகு நிற்கும் இடமும் தெரிந்தது. அபாயச் செய்தி அக்கடலில் இருந்த கப்பல்களுக்கெல்லாம் போனது. ஒரு ஹெலிகாப்டர் வந்து தண்ணீரும் பிஸ்கட்டும் போட்டுவிட்டுப் போனது. சில நாள் கழித்து ஒரு போர்க்கப்பல் கிட்டே வந்தது. செத்த குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கப்பலில் இருந்தவர்கள் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். இது உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம். 14 நாள் மிதந்து, ஏப்ரல் 10 அன்று படகு லிபியாவின் ஸ்லிதன் கரைக்கே திரும்பி ஒதுங்கியது. கடைசியில் பிழைத்தது 9 பேர்.

வாக்குமூலத்துக்குத் துணைச்சாட்சி தேட சார்ல்ஸ் ஹெல்லர், லொரென்ஸோ பெஸ்ஸானி என்ற இரு ஆய்வாளர்கள் கடலிடமே போனார்கள். இன்ஜின் நின்ற படகை இழுப்பவை இரண்டுதான்: நீரோட்டமும் காற்றும். நீரோட்டத்தை நம் தென்கடற்கரை மீனவர்கள் நீவாடு என்பார்கள். எந்தக் காற்றில் எந்த நீவாடு எங்கே தள்ளும் என்று அவர்கள் மனக்கணக்காகச் சொல்வதை, கடலியலாளர் கணினியில் போடுகிறார். ரப்பர் படகு தண்ணீரில் அதிகம் அமிழாது. அதனால் காற்றுக்குப் பிடி அதிகம், காற்றின் வேகத்தில் சில சதவீதம் அதற்கும் வந்துவிடும். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து மணிக்கு மணி இந்தத் தள்ளலைக் கூட்டிக்கொண்டே போனால், அழிந்த தடம் வரைபடத்தில் கோடாக எழுந்து வரும். அந்தக் கோடு பெரும்பாலும் நேட்டோ படைகள் லிபியா மீதான ஆயுதத் தடைக்காகக் கண்காணித்துக்கொண்டிருந்த பரப்புக்குள்ளேயே சுற்றியிருந்தது.

அப்படியானால் பக்கத்தில் யார் இருந்தார்கள்? இதற்கு ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள் உதவியது. அதன் ராடார் மேகத்தையும் இருட்டையும் பொருட்படுத்தவில்லை. சாய்வாக அனுப்பும் அலைகளைச் சமமான கடல்பரப்பு வேறு பக்கம் சிதறடித்துவிடும்; அங்கே படம் இருண்டிருக்கும். இரும்புக் கப்பலின் சுவர்களும் மூலைகளும் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு. 72 பேரின் படகு இந்தப் படங்களில் இல்லை. படத்தின் ஒரு புள்ளியே அதைவிடப் பல மடங்கு பெரிது, ரப்பரும் ராடாருக்கு எடுபடாது. ஆனால் உதவியிருக்கக்கூடிய பெரிய கப்பல்கள் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தன. பூமியைக் கண்காணிக்கச் செய்த கருவி காவல்காரர்களைக் காட்டிக்கொடுத்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

2012இல் இந்த ஆய்வாளர்களின் அறிக்கை வந்தது. ஐரோப்பா கவுன்சிலுக்காக (Council of Europe) விசாரித்த டச்சு உறுப்பினர் தினேக்கா ஸ்ட்ரிக்கும், காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் இவை என்றே எழுதினார். வழக்குகள் பல நாட்டு நீதிமன்றங்களுக்குப் போயின. குழந்தைகளைப் படமெடுத்த கப்பல் எங்களுடையது என்று எந்த நாடும் முன்வந்து சொல்லவில்லை. வெள்ளைப் பொட்டுக்கு இடம் உண்டு, நேரம் உண்டு, ஏறக்குறைய நீளமும் உண்டு. மேலே பறக்கும் கொடி மட்டும் ராடாரில் விழாது.