ஒரே மலையடி, இரண்டு ஊர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், ராஜபாளையம் என்றால் மில். தென்மாவட்டங்களுக்கு வெளியே யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதுதான் பதில். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் முன்னதோடு பால்கோவாவையும் பின்னதோடு நாயையும் சேர்த்துக்கொள்வார். ஒன்று கோயில் ஊர், மற்றது தொழில் ஊர் என்ற பிரிவினை சுற்றுலாக் கையேட்டுக்கு வசதியானதுதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே நெடுஞ்சாலையிலும் ஒரே ரயில் பாதையிலும் இருக்கும் இரண்டு ஊர்களை இப்படிப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் புரியும். இவற்றைக் கோபுரத்திலிருந்தோ மில்லிலிருந்தோ தொடங்காமல், மேற்கே நிற்கும் மலையிலிருந்து தொடங்கி அறிமுகப்படுத்துவதே சரி.

இரண்டு ஊர்களும் இருக்கும் விருதுநகர் மாவட்டம் பொதுவாக வறண்ட பூமி. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டும்போது பெரும்பாலும் காற்றாகத்தான் வருகிறது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் விவசாயி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே விதைக்கிறார். மலையடியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கு அந்த மழையோடு இன்னொன்றும் கிடைத்தது: செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் பக்கங்களிலிருந்து இறங்கிவரும் ஓடைகள். கண்மாய்கள் நிரம்பின, நெல் விளைந்தது, மலையோரத்தில் தென்னையும் மாவும் வந்தன, மாட்டுக்குத் தீவனம் இருந்தது. அதே மாவட்டத்துச் சிவகாசி 1920-களில் தீப்பெட்டித் தொழிலுக்குப் போனது; காய்ந்த வெயிலே அந்தத் தொழிலுக்கு வாய்ப்பாக இருந்தது. இங்கே அப்படியில்லை. விளைச்சலில் மிஞ்சியதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் கைமுதல்.

இந்த மலையடிக்கு வந்து சேர்ந்தவர்களில் விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கேயிருந்து இறங்கிய தெலுங்குக் குடிகளும் உண்டு. ராஜபாளையத்து ராஜுக்கள் அந்த வழியில் வந்தவர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள், அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்தக் குடியேற்றத்தோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ காவியம் பெரியாழ்வார், ஆண்டாள் கதையைத்தான் சொல்கிறது. திருமலை நாயக்கர் பெயரால் ஒரு அரண்மனையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரை சித்திரைத் திருவிழாவுக்கு அழகருக்குப் போவதுபோல, பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் போகிறது. தமிழ்ப் பாசுரத்தின் ஊர் தெலுங்கு நாட்டோடு வைத்திருந்த உறவுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.   

மலையும் குடியேற்றமும் பொது என்றால் நூற்பாலைகள் ஏன் ராஜபாளையத்தில் மட்டும் பெருகின? இது நியாயமான கேள்வி. விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927-இல் திறந்தபோது இரண்டு ஊர்களுக்கும் ஒன்றாகத்தான் வண்டி வந்தது. வேறுபாடு பணம் யார் கையில் இருந்தது என்பதில்தான் இருக்கிறது. ராஜபாளையத்தில் நிலம் வைத்திருந்த சமூகமே தொழிலிலும் இறங்கியது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1930-களில் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் பின்னாளில் சிமென்ட் வரை விரிந்த ராம்கோ குழுமத்துக்கு வித்து. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி தறியிலிருந்து இறங்குகிறது; ராஜபாளையத்து நைட்டி தனி வியாபாரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நாள் முழுவதும் கோயிலையும் நீதிமன்றத்தையும் சுற்றியே ஆள்நடமாட்டம். ஆனால் அங்கேயும் தொழில் இல்லாமல் இல்லை. வெளியூர்க்காரர் கோயில் பிரசாதத்தின் சாயலில் பார்க்கும் பால்கோவா உண்மையில் ஒரு பால் பண்டத் தொழில்: சுற்றுக் கிராமங்களில் கறக்கும் பால் கெடுவதற்குள் சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, வெளியூருக்கு அனுப்பும் சரக்காக்குவது. 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு இதற்குத்தான். ஒரு ஊர் பஞ்சை நூலாக்கியது, மற்றது பாலைக் கோவாவாக்கியது.

இந்த ஒற்றுமையை ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு; இரண்டு ஊர்களுக்கும் பகை என்று சொல்பவர்கள் ஒரு தேர்தலைக் காட்டலாம். ராஜபாளையத்தில் பிறந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். ஆந்திரமும் சேர்ந்திருந்த அந்த மாகாணத்துக்கு, தமிழ் மண்ணில் வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துக்காரர் தலைமை வகித்தது பொருத்தமே. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் 1952 தேர்தலில் தோற்ற தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்! இதை ஊர்ப்பகைக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் மாகாணம் முழுவதும் அடிவாங்கியது, அமைச்சர்கள் பலர் தோற்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

மலை இன்றைக்கு இந்த ஊர்களுக்கு வெறும் பின்னணிக் காட்சிதானே என்ற எதிர்வாதம் இன்னும் வலுவானது. காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த ராஜபாளையம் நாய் 2005-இல் அஞ்சல் தலையில் ஏறியது. இப்போது அது வேட்டைக்குப் போவதில்லை, வீட்டு வாசலில் காவல் இருக்கிறது. சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமான காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. காட்டுக்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாது, மில்லுக்குப் பஞ்சு எங்கிருந்தோ வருகிறது. இவ்வளவும் உண்மைதான். ஆனாலும் ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் இறங்குகிறது. மேய்ச்சல் தடையால் தீவனத்தை விலைக்கு வாங்கும் பால்காரருக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும். காப்பகம் தங்கள் பிழைப்பில் கைவைக்கிறது என்று மலையடிக் கிராமங்களில் எழும் குறையைத் தீர்க்காமல் விடுவதும், காட்டை முன்போலத் திறந்துவிடுவதும் இரண்டு ஊர்களையும் ஒன்றாகவே பாதிக்கும்.