சம்பளத்தில் பிடிக்கும் 90 ரூபாய்

அருப்புக்கோட்டை நூற்பாலையில் மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவரின் சம்பளச் சீட்டில், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்காக 90 ரூபாய் பிடித்திருப்பார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம். நிர்வாகம் தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய் சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 2019 ஜூலைக்கு முன் இரு பங்கும் சேர்ந்து 6.5 சதவீதமாக இருந்தது, இப்போது 4.

நாடெங்கும் இப்படிக் கட்டும் சந்தா ஒரே நிதியில் சேர்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம் அதை நிர்வகிக்கிறது. தலைவர் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர். முதலாளிகள், தொழிலாளர்கள், மாநில அரசுகள், மருத்துவர்கள் தரப்பிலும் உறுப்பினர்கள் உண்டு. மருத்துவச் செலவில், ஒரு வரம்புக்குள், எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கிறது.

தனியார் காப்பீடு வயதையும் நோயையும் பார்த்து பிரீமியம் கேட்கும். இங்கே பிடித்தம் சம்பளத்துக்கு ஏற்ப, சிகிச்சை நோய்க்கு ஏற்ப. பஞ்சுத் தூசியில் நின்று வேலை பார்ப்பவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை.

ஆனால் நாட்கணக்கு முக்கியம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குச் சந்தா ஏறியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சராசரி நாள் கூலி 400 ரூபாய் என்றால் 280. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். அதற்கு இந்த நாட்கணக்கு கிடையாது. பேறுகாலத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். பிடித்த பணத்தை நிர்வாகம் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். எனவே சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடம் இதில் கட்டாயம் சேர வேண்டியதில்லை. திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காட்டில் களை எடுப்பவருக்கும், சீமைக் கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுபவருக்கும் இ.எஸ்.ஐ. இல்லை. இவர்களைப் போல இடம் மாறி உழைக்கும் கட்டடத் தொழிலாளரின் நல வாரியத்துக்குக் கட்டுமானச் செலவில் 1 சதவீத வரி வருகிறது. காட்டு வேலைக்கு அப்படி வசூலிக்க ஓர் இடம் இல்லை. இன்று ஒரு புஞ்சை, நாளை வேறொரு புஞ்சை. நிலையான முதலாளி இல்லாத அவர்களுக்காக அந்த 3.25 சதவீதத்தை அரசே கட்ட வேண்டும்.