படத்தின் பின்னணியை நீக்குவது: எந்தப் படத்துக்கு எந்த வழி?

இன்று நம் லயங்களில் ஸ்மார்ட் போன் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் வாசலில் நின்று படம் பிடிக்கிறார்கள். பிறகு படத்தின் பின்னால் தெரியும் கொடிக்கயிறு, விறகுக்கட்டு, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் காணாமல் செய்து, நீல நிறமோ வெள்ளை நிறமோ போட்டுவிடுகிறார்கள். "இனி ஸ்டூடியோவுக்கு எதுக்கு ஐயா போகணும்? நம்ம பையனே செஞ்சிடுவான்" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். சில காரியத்துக்கு அது சரி. சில காரியத்துக்கு அது கைநட்டம்.

ஒரு தகப்பனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்தாள். தேசிய அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். அண்ணன்காரன் போனில் படம் பிடித்து, பின்னணியை நீக்கி, டவுனில் ஒரு கடையில் அச்சடித்துக் கொண்டுவந்து விண்ணப்பத்தோடு கொடுத்துவிட்டான். படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுபடியும் ஸ்டூடியோ, மறுபடியும் பஸ் காசு, தகப்பனுக்கு இரண்டு நாள் பேர் இல்லை. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அட்டை கைக்கு வந்தது. அதுவரை அந்தப் பிள்ளை படித்ததைவிட அழுததே அதிகம்.

இது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

தேசிய அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வீட்டில் எடுத்த படம் உதவாது. அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோவில் படம் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கு குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் படத்தை இணையவழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் ஒரு பற்றுச்சீட்டுத் தருவார். அந்தப் பற்றுச்சீட்டைத்தான் பத்திரமாக வைத்து விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். ஆகவே உள்ளே போவதற்கு முன்பே, "அடையாள அட்டைக்குப் பதிவு இருக்கா?" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த இரண்டுக்கும் எந்தச் செயலியும் வேண்டாம். கீழே சொல்லப்போவது மற்றப் படங்களுக்கு: தனியார் வேலை விண்ணப்பம், சுயதொழில் பொருள்களின் படம், விழா வாழ்த்து அட்டை, வீட்டுச் சுவரில் மாட்டும் பெரியவர்களின் படம்.

இது எப்படி வேலை செய்கிறது?

முன்பு ஸ்டூடியோவில் ஒருவர் உட்கார்ந்து, ஆளின் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறி வெட்டி எடுப்பார். இப்போது கணினியே செய்கிறது. ஏராளமான படங்களைக் காட்டி, "இது ஆள், இது பின்னணி" என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். நம் படத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, ஆளா பின்னணியா என்று ஊகிக்கிறது. ஊகம்தான் என்பதை மறக்கக் கூடாது. நிறமும் ஓரமும் தெளிவாக இருந்தால் சரியாக ஊகிக்கும். இல்லாவிட்டால் தோளைத் தின்றுவிடும், காதைக் கடித்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பாடசாலைச் சீருடை வெள்ளை. லயத்துச் சுவரும் சுண்ணாம்பு அடித்த வெள்ளை. வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சட்டையோடு நிறுத்திப் படம் பிடித்தால் தோள் எங்கே முடிகிறது என்று அந்தக் கணினிக்குத் தெரியாது. காற்றில் பறக்கும் முடி, மூக்குக் கண்ணாடி, தலையில் வைத்த பூ, இவையும் கஷ்டம்தான்.

நான்கு வழிகளை ஒப்பிட்டால்

1. ரிமூவ் டொட் பிஜி. ஒஸ்ரியா நாட்டின் வியன்னா நகரில் 2018 இறுதியில் தொடங்கிய இணையத்தளம். படத்தைப் போட்டால் சில வினாடிகளில் பின்னணி போய்விடும். வேறு எதுவும் தெரியத் தேவையில்லை. முடி ஓரங்களை நன்றாக வெட்டும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது சிறிய படம் மட்டும், சுமார் இரண்டரை இலட்சம் புள்ளி. பெரிதாக வேண்டுமானால் காசு.

இந்தப் புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்தில் 300 புள்ளி வேண்டும். 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் உள்ள சிறிய படத்துக்கு 413க்கு 531, அதாவது ஏறக்குறைய இரண்டே கால் இலட்சம் புள்ளி போதும். இலவசப் படம் அதற்குச் சரியாகக் காணும். ஆனால் சுவரில் மாட்டும் 8க்கு 10 அங்குலப் படத்துக்கு 72 இலட்சம் புள்ளி வேண்டும். இலவசப் படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் முகம் மங்கிப்போகும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று. அந்த இரண்டரை இலட்சம் முழுப் படத்துக்கும் சேர்த்துத்தான். ஆள் தூரத்தில் சின்னதாக நின்றால் முகத்துக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆகவே முதலில் போனிலேயே தேவையான அளவுக்கு வெட்டிவிட்டு, பிறகு போடுங்கள்.

2. அடோபி எக்ஸ்பிரஸ். இதிலும் பின்னணி நீக்குவது இலவசம். படத்தை இறக்கி எடுக்க ஒரு கணக்குத் திறக்க வேண்டும். அதற்கு மின்னஞ்சல் முகவரி தேவை. பின்னணியை எடுத்த பிறகு அதே இடத்தில் நிறம் போடலாம், எழுத்துச் சேர்க்கலாம். முதல் தடவை கொஞ்சம் சுற்ற வைக்கும். பழகினால் சுலபம். வாழ்த்து அட்டை, அறிவித்தல் செய்யும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

3. போட்டோரூம். பாரிஸ் நகர நிறுவனம் ஒன்றின் செயலி. போனிலேயே வைத்துக்கொள்ளலாம். பொருள்களைப் படம் பிடித்து விற்பவர்களை நினைத்தே செய்திருக்கிறார்கள். பை தைக்கும், முறுக்குச் சுடும், பூங்கன்று வளர்க்கும் நம் சகோதரிகளுக்கு உதவும். ஆனால் செயலியில் இலவசமாக எடுக்கும் படத்தில் அவர்களுடைய பெயர் முத்திரையாக விழும். வட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்ப அது பரவாயில்லை. வேலை விண்ணப்பத்தில் ஒட்ட அது சரிவராது.

4. ஐபோன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொடுத்த ஐபோன் சில வீடுகளில் உண்டு. எக்ஸ்எஸ் அல்லது அதற்குப் பிந்திய போனாக இருந்து, 2022இல் வந்த 16ஆவது பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால், படத்தில் உள்ள ஆளை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். ஆள் தனியாகக் கழன்று வரும். படம் போனை விட்டு எங்கும் போவதில்லை, டேட்டாவும் செலவில்லை. ஆனால் ஓரத்தை நாமே திருத்த அங்கே வழி குறைவு.

பிள்ளைகள் அதிகம் சொல்லும் கன்வாவில் இந்த வசதி பெரும்பாலும் காசு கட்டும் திட்டத்தில்தான் உண்டு. "இலவசமாகச் சில நாள் பாருங்கள்" என்று வங்கி அட்டை இலக்கம் கேட்டால் நிதானியுங்கள். நாள் முடிந்ததும் நிறுத்த மறந்தால் காசு போய்க்கொண்டே இருக்கும்.

படம் பிடிப்பதில்தான் பாதி வேலை

எந்த வழியானாலும், படம் நன்றாக இருந்தால்தான் வெட்டும் நன்றாக இருக்கும்.

சட்டை வெள்ளையானால் பின்னால் கடும் நிறக் கம்பளியோ சேலையோ கட்டுங்கள். ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் மூன்று அடி முன்னால் நிறுத்துங்கள், நிழல் விழாது. நடுப்பகல் வெயில் வேண்டாம். மூடுபனி இறங்கியிருக்கும் காலை நேரம் இதற்கு மிக நல்லது. வெளிச்சம் முகமெங்கும் ஒரே சீராக விழும். போனின் கண்ணாடியைச் சுத்தமான துணியால் துடையுங்கள். அடுப்பங்கரைப் புகை படிந்திருந்தால் எந்தச் செயலியாலும் அதைத் துடைக்க முடியாது.

சேமிப்பதில் ஒரு கவனம். பின்னணி நீக்கிய படத்தைப் பிஎன்ஜி என்ற வகையில் சேமித்தால்தான் பின்புறம் வெறுமையாக இருக்கும். ஜேபிஜி என்று சேமித்தால் அந்த இடத்தை ஏதாவது ஒரு நிறம் அடைத்துக்கொள்ளும். வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டொகியுமென்ட்' என்று அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், வெறுமையும் போய்விடும்.

பெற்றோருக்கு

இணையத்தளத்தில் படம் போடுவது என்றால், நம் பிள்ளையின் முகத்தை வேறொருவரின் கணினிக்கு அனுப்புகிறோம் என்று பொருள். தேடும்போது மேலே வரும் தளம் எல்லாம் நல்ல தளம் அல்ல. பெயர் தெரியாத செயலி, உங்கள் தொலைபேசி இலக்கங்களையும் எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களை இப்படிப்பட்ட எந்தத் தளத்திலும் போடக் கூடாது. குளியலுக்குப் போகும் உடையில் நிற்கும் சின்னப் பிள்ளைகளின் படத்தையும் போடாதீர்கள்.

ஆளை மட்டும் வெட்டி எடுப்பது இவ்வளவு சுலபம் என்றால், வெட்டியதை வேண்டாத இடத்தில் ஒட்டுவதும் அவ்வளவு சுலபம். வயதுக்கு வந்த பெண் பிள்ளையின் முகத்தை இப்படி ஒட்டி யாராவது மிரட்டினால் பிள்ளையை அடிக்காதீர்கள், போனை உடைக்காதீர்கள். மிரட்டிய செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களும் உண்டு. தனியாகப் போகத் தயங்கினால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

பழைய படங்கள்

கடைசியாக ஒன்று. சுவரில் மாட்டிய பழைய படத்தைப் புதுப்பிக்க விரும்பினால், சட்டத்திலிருந்து மெதுவாகக் கழற்றி, கண்ணாடி இல்லாமல், வாசல் நிழலில் வைத்து, போனை நேராகப் பிடித்து எடுங்கள். கண்ணாடியோடு எடுத்தால் பிடித்தவரின் முகமும் சேர்ந்து விழும். கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் பிரிக்க வேண்டாம், கிழிந்துவிடும்.

அண்மையில் ஒரு வீட்டில் தகப்பனார் தவறிவிட்டார். அவருக்கென்று தனிப் படம் ஒன்றும் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஸ்டோர் வாசலில் நான்கு பேராக நின்று எடுத்த ஒரு படம்தான் இருந்தது. கருமாதிக்கு மாலை போட மகன் அதிலிருந்து அப்பாவை மட்டும் வெட்டி எடுத்தான். வேலை சுத்தமாக இருந்தது. தோளில் மட்டும் யாரோ ஒருவரின் நான்கு விரல்கள் மிஞ்சிவிட்டன. அதையும் அழிக்கப் போனபோது அம்மா தடுத்தார். "அது ஒங்க சித்தப்பா கைடா. அவுக இந்தியாவுக்குக் கப்பல் ஏறுறதுக்கு மொத நாள் எடுத்தது. அது இருக்கட்டும்."

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார் வழியாகப் போன உறவுகள் நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. அவர்களைப் பார்க்க நமக்கு மிஞ்சியிருப்பது இப்படியான படங்களின் ஓரங்கள்தான். ஆகவே வெட்டுவதற்கு முன் முழுப் படத்தையும் ஒரு பிரதி எடுத்து வேறாக வைத்துவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் யார் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று பெரியவர்களிடம் கேட்டு, மெதுவாகப் பென்சிலால் எழுதிவையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.