'வெளியிடு' அழுத்தியாயிற்று, பக்கம் எங்கே?

உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகம் புதிய இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அறிவிப்பை எழுதி 'வெளியிடு' பொத்தானை அழுத்துகிறீர்கள். உங்கள் திரையில் அது தெரிகிறது. நண்பர்களின் கைப்பேசியில் தெரியவில்லை. வெள்ளிக்குள் சரிசெய்யாவிட்டால் பலர் வாய்ப்பை இழப்பார்கள். கோளாறு எங்கே?

அதைக் கண்டுபிடிக்க, ஒரு பக்கம் வாசகரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை அறிய வேண்டும். 2003ஆம் ஆண்டு வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள், நீங்கள் எழுதியதைத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. யாராவது கேட்கும்போது அதை எடுத்து, பக்கமாக வடிவமைத்து அனுப்புகிறது. கேட்ட பிறகு சுட்டுத் தரும் ரொட்டி சானாய் போல!

ஆனால் வேகத்துக்காகப் பல தளங்கள், ஒருமுறை தயாரித்த பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே தருகின்றன. இது காலையிலேயே கட்டி வைத்த நாசி லெமாக் பொட்டலம். இந்தத் தற்காலிகச் சேமிப்புக்குக் 'கேஷ்' என்று பெயர். தளத்தில் உள்நுழைந்திருக்கும் உங்களுக்குப் பெரும்பாலும் புதிய பக்கம் கிடைக்கும்; மற்றவர்களுக்குப் பழைய பொட்டலமே போகும். எனவே முதல் சோதனை: உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பழையது தெரிந்தால், தளத்தின் கேஷை அழித்தால் போதும்.

அடுத்தது நேரம். காலை 8 மணிக்கு வெளிவரும்படி குறித்த செய்தி மாலை 4 மணிக்கு வந்தால், நேர மண்டலத்தைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தொடக்கத்தில் உலகப் பொது நேரத்தில் அமைந்திருக்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் அதைவிட 8 மணி நேரம் முந்தியவை. இன்னொன்றும் உண்டு. குறித்த நேரம் வந்துவிட்டதா என்பதை வேர்ட்பிரஸ், யாராவது தளத்துக்கு வரும்போதுதான் சரிபார்க்கும். ஆள் வராத தளத்தில் செய்தியும் காத்திருக்கும்.

பிழை எண் தோன்றினால் கலங்காதீர்கள். அது ஒரு துப்பு. 403 என்றால் பார்க்க அனுமதி இல்லை. 404 என்றால் அந்த முகவரியில் பக்கம் இல்லை. முகப்பு திறந்து, உள்பக்கங்கள் மட்டும் 404 காட்டினால், நிலையான இணைப்புகளுக்கான அமைப்பைத் திறந்து மீண்டும் சேமித்தாலே பலமுறை சரியாகிவிடும். 500 என்றால் சேவையகத்தில் ஏதோ தடுக்கி விழுந்திருக்கிறது. அண்மையில் சேர்த்த செருகுநிரல் காரணமாக இருக்கலாம். பிழைப் பதிவேட்டைப் படித்தால், எந்தக் கோப்பில், எந்த வரியில் சிக்கல் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தமிழ்த் தளங்களுக்கு மட்டும் உரிய தலைவலியும் இருக்கிறது என்று தோன்றும்: தளத்தை வேறு சேவையகத்துக்கு மாற்றியதும் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். உண்மையில் ஆங்கில எழுத்துகளைத் தாண்டிய எல்லா மொழிகளுக்கும் இது நேரலாம். யுடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற எழுத்துக்கு 3 பைட் தேவை. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழை ஏற்காத குறியாக்கத்தில் தரவுத்தளம் அமைந்திருந்தால், எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியே சேமிக்கப்படும். அதிலிருந்து பழைய எழுத்தை மீட்க வழியில்லை. காப்பு நகல் ஒன்றே கைகொடுக்கும்.

ஆகவே எதைத் தொடுவதற்கு முன்பும் காப்பு நகல் எடுங்கள். பிறகு, அறிவியல் கூடத்தில் செய்வதுபோல் ஒரு நேரத்தில் ஒரே மாறியை மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து அமைப்புகளை ஒன்றாக மாற்றினால் தளம் சரியாகலாம். ஆனால் எது சரிசெய்தது என்பது தெரியாது. அடுத்த முறை அதே கோளாறு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.