பிடி தளராதிருக்க

குடம் தூக்கவும் பேருந்தில் கம்பியைப் பற்றவும் கைப்பிடியையே நம்பியிருக்கிறோம். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலிமை குறைந்தோரிடையே இறப்பு அபாயம் மிகுந்திருந்தது.

விரல்களை மடக்கும் வலிய தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் விசையைத் தசைநாண்களே விரலுக்குக் கடத்துகின்றன. தசையைவிடத் தசைநாண் மெதுவாகவே வலுப்பெறும். எனவே, அவசரப் பயிற்சி காயத்தில் முடிகிறது.

மென்பந்தைப் பத்து முறை அழுத்தித் தளர்த்துவதில் தொடங்குவோம். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். விரல்களைச் சுற்றி ரப்பர் வளையமிட்டு, மெல்ல விரித்தும் பழகுவோம். மறுநாள் ஓய்வு. வாரங்கள் கடந்தபின் சிறிதளவே கூட்டுவோம். வலியோ மரத்துப்போதலோ தோன்றினால் நிறுத்தி, மருத்துவரை நாடுவோம். தொடர் வைப்பைப் போல, சிறுகச் சேர்வதே நிலைக்கும்.